தணிக்கைப் பதிவில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது: போஸ்ட்கிரெஸ் சர்வரில் கற்றவை

நோயறி ஆய்வகக் குழுமம் ஒன்றின் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் பொறுப்பை நான் ஏற்றபோது, அங்கிருந்த போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் சர்வரில், யார் என்ன செய்தார் என்பதை எழுதி வைக்கும் தணிக்கைப் பதிவு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கான பிஜிஆடிட் என்னும் நீட்சி (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) நிறுவப்பட்டு, அதன் முதன்மை அமைப்பான ‘பிஜிஆடிட்.லாக்’ என்பதற்கு ‘ஆல்’ என்ற மதிப்பு தரப்பட்டிருந்தது. சர்வருக்கு வரும் ஒவ்வொரு கட்டளையும், அது எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், லாக் கோப்பில் ஏறியது. ஏட்டளவில் இதைவிட முழுமையான தணிக்கை இருக்க முடியாது.

ஆனால், ஆய்வக அறிக்கைகளுக்குப் பொறுப்பான மருத்துவர் ஒரு நாள் கேட்ட கேள்விக்கு அந்தப் பதிவால் பதில் சொல்ல முடியவில்லை. “ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவை, சிகிச்சையோடு தொடர்பில்லாத யாராவது திறந்து பார்த்தார்களா என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்று அவர் கேட்டார். அவர் குறிப்பிட்டது முந்தைய மாதம் நடந்த ஒன்று. லாக் கோப்புகள் நாளொன்றுக்குப் பல ஜிகாபைட் அளவுக்குப் பெருகியதால், வட்டில் இடம் போதாமல் ஒரு வாரத்துக்கு முந்தையவை தாமாகவே அழிக்கப்பட்டு வந்தன. எஞ்சியிருந்த ஒரு வாரத்துப் பதிவிலும், பயன்பாட்டு மென்பொருள் தரவுத்தளத்துடன் இணையும் ஒரே பொதுக் கணக்கின் பெயர்தான் எல்லா வரிகளிலும் இருந்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்த பதிவேட்டில் தேவையான ஒன்று மட்டும் இல்லை.

சட்டத்தின் பக்கமிருந்தும் நெருக்கடி இருந்தது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும். அன்றாடம் சேர்ந்துகொண்டிருந்த அளவை 180ஆல் பெருக்கிப் பார்த்தபோது, அதைச் சேமிக்கும் செலவைவிட, அவ்வளவு பெரிய குவியலில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அப்போதுதான் எந்த நிகழ்வுகளைப் பதிவு செய்வது என்று வடிகட்டும் வேலையைத் தொடங்கினோம். அந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றை, இதே பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

லாக்கை நிரப்பியவை எவை என்று முதலில் எண்ணிப் பார்த்தோம். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அனுப்பப்படும் ‘செலக்ட் 1’, கண்காணிப்பு மென்பொருள் ஓயாமல் படிக்கும் புள்ளிவிவர வியூக்கள், தரவுத்தள இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் ஒவ்வோர் இணைப்பையும் அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் அனுப்பும் ‘டிஸ்கார்ட் ஆல்’, இணைப்பு தொடங்கியதும் டிரைவர்கள் (மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரல்கள்) இடும் ‘செட்’ கட்டளைகள், நிர்வாகக் கருவியான பிஜிஅட்மின் திரையைத் திறந்தவுடன் எழும் அட்டவணை விவர வினவல்கள் ஆகியவையே பெரும்பகுதி. ஆய்வகக் கருவிகளிலிருந்து முடிவுகளைத் தானாகப் பெற்று எழுதும் இடைமுகக் கணக்கின் ‘இன்சர்ட்’ கட்டளைகள் அடுத்த இடத்தில் இருந்தன. மனிதர் ஒருவர் தாமே செய்த செயல் என்று சொல்லத்தக்கவை, மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், அதிகம் இரைபவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வழியை நாங்கள் தவிர்த்தோம். எது அதிகமாகப் பதிவாகிறது என்பதை வைத்து வடிகட்டினால், அளவு குறையுமே தவிர, எஞ்சுவது தேவையானதுதானா என்ற கேள்வி அப்படியே நிற்கும். நாளை ஒரு விசாரணை வந்தால் என்னென்ன கேட்பார்கள் என்பதை முதலில் எழுதிக்கொண்டோம். மருத்துவர், கணக்குப் பிரிவுத் தலைவர், மென்பொருள் குழு ஆகியோருடன் அமர்ந்து எழுதிய பட்டியலில் இருந்தவை இவை: ஒப்புதல் தரப்பட்ட முடிவைப் பின்னர் மாற்றியவர் யார், குறிப்பிட்ட ஒருவரின் முடிவைப் படித்தவர் யார், யாருக்கு யார் எந்த உரிமையை வழங்கினார்கள், அட்டவணைகளின் அமைப்பை மாற்றியவர் யார், தரவை மொத்தமாக வெளியே எடுத்தவர் யார், உரிமையில்லாமல் முயன்று தடுக்கப்பட்டவர் யார். ஒவ்வொரு கேள்விக்கும் எந்த வகை நிகழ்வு பதிவாக வேண்டும் என்பதைப் பக்கத்தில் குறித்தபோது, வடிகட்டியின் வடிவம் ஏறக்குறையத் தானாகவே கிடைத்துவிட்டது.

பிஜிஆடிட் கட்டளைகளை வகைகளாகப் பிரிக்கிறது. ‘ரீட்’ என்பது தரவைப் படிக்கும் செலக்ட், மற்றும் அட்டவணையிலிருந்து வெளியே எடுக்கும் காப்பி. ‘ரைட்’ என்பது இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (திருத்தல்), டெலீட் (நீக்கல்), டிரங்கேட் (காலி செய்தல்), மற்றும் அட்டவணைக்குள் இடும் காப்பி. ‘ரோல்’ என்பது உரிமைகளையும் கணக்குகளையும் மாற்றும் கட்டளைகள். ‘டிடிஎல்’ என்பது அட்டவணை போன்றவற்றை உருவாக்கும், மாற்றும், நீக்கும் மற்றக் கட்டளைகள். ‘ஃபங்ஷன்’ என்பது செயற்கூறு அழைப்புகளும், பெயரில்லாமல் அப்போதே எழுதி ஓட்டும் ‘டூ’ தொகுதிகளும். எஞ்சியவை ‘மிஸ்க்’. இந்த வகைப்பாட்டின் அருமை, போஸ்ட்கிரெஸ்சின் வழக்கமான ‘லாக் ஸ்டேட்மென்ட்’ அமைப்புடன் ஒப்பிட்டால்தான் புரியும். ஒருவர் ஒரு ‘டூ’ தொகுதிக்குள் அட்டவணைப் பெயரை இரண்டு துண்டுகளாக ஒட்டிச் சேர்த்து ஓர் அட்டவணையை உருவாக்கினால், வழக்கமான லாக்கில் அந்தத் துண்டுகள்தான் தெரியும். முழுப் பெயரைத் தேடினால் கிடைக்காது. பிஜிஆடிட் அந்தத் தொகுதிக்குள் உண்மையில் நிறைவேறிய கட்டளையைத் தனி வரியாக, அட்டவணையின் முழுப் பெயருடன் எழுதும்.

சர்வர் முழுவதற்கும் பொதுவாக டிடிஎல், ரோல், ரைட் ஆகிய மூன்றை மட்டும் வைத்தோம். ‘மிஸ்க்’ வகையை நீக்கியதும் டிஸ்கார்ட், செட் வரிகள் மறைந்தன; ‘ரீட்’ வகையைப் பொதுவில் நீக்கியதும் ‘செலக்ட் 1’ போன்றவை மறைந்தன. எல்லாமே பதிவாகும்படி விடப்பட்ட நிர்வாகிகளின் கணக்குகளுக்கு மட்டும் ‘பிஜிஆடிட்.லாக்_கேட்டலாக்’ அமைப்பை அணைத்தோம். இதனால், கணினி அட்டவணைகளை மட்டும் தொடும் வினவல்கள் எழுதப்படுவதில்லை.

ஆனால் மருத்துவரின் கேள்வியே படித்தலைப் பற்றியது. ‘ரீட்’ வகையை முழுவதும் நீக்கினால் அவருக்கு என்றைக்கும் பதில் கிடைக்காது. இந்த இடத்தில்தான் பிஜிஆடிட்டின் இரண்டாவது முறையான பொருள்வழித் தணிக்கை (குறிப்பிட்ட அட்டவணைகளை மட்டும் கவனிப்பது) கைகொடுத்தது. உள்நுழைய முடியாத ஒரு ரோலை (உரிமைகள் தரப்படும் கணக்கை) உருவாக்கி, அதன் பெயரை ‘பிஜிஆடிட்.ரோல்’ என்ற அமைப்பில் இட வேண்டும். அந்த ரோலுக்கு எந்த அட்டவணையில் என்ன உரிமை வழங்கப்படுகிறதோ, அந்த அட்டவணையில் அந்தச் செயலை யார் செய்தாலும் அது பதிவாகும். அந்த ரோல் தானாக எதையும் செய்வதில்லை. அதற்கு வழங்கப்படும் ‘கிராண்ட்’ (உரிமை வழங்கல்) ஒவ்வொன்றும் இதைக் கவனி என்ற ஆணையாகப் பயன்படுகிறது. நான் பார்த்த தணிக்கை வடிகட்டிகளில் இவ்வளவு தெளிவாக அமைந்த வேறொன்றை அறியேன், ஏனென்றால் கற்றுக்கொள்ளப் புதிய மொழி எதுவும் இல்லை. உரிமை வழங்கத் தெரிந்தவருக்கு வடிகட்டவும் தெரியும்.

உரிமையை அட்டவணையின் ஒரு பத்தி (நெடுவரிசை) அளவிலும் வழங்கலாம் என்பது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. முடிவுகள் அட்டவணையில் மாதிரி எண், பெறப்பட்ட நேரம் போன்ற பத்திகளை வரவேற்பு மேசையின் திரை நிமிடத்துக்கு நிமிடம் படிக்கிறது. அதைப் பதிவு செய்வதில் பயனில்லை. முடிவின் மதிப்பு இருக்கும் பத்திகளுக்கு மட்டும் தணிக்கை ரோலுக்கு ‘செலக்ட்’ உரிமை தந்தோம். இதில் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு நன்மை உண்டு. ஒருவர் முடிவுப் பத்தியைத் தம் திரைக்கு எடுக்காமல், வரிகளைத் தேர்ந்தெடுக்கும் ‘வேர்’ நிபந்தனையில் மட்டும் பயன்படுத்தி, குறிப்பிட்ட ஒரு தொற்று உறுதியானவர்களின் பெயர்களை மட்டும் கேட்டாலும், அந்தப் பத்தி வினவலில் படிக்கப்படுவதால் அதுவும் பதிவாகிவிடும். ரகசியத்தை மறைமுகமாகக் கறக்கும் வழி இதுதான் என்பதால், இந்தச் சோதனையை நாங்களே பலவிதமாகச் செய்து பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

கருவி இடைமுகக் கணக்கின் இன்சர்ட் வெள்ளத்துக்கும் இதே முறைதான் தீர்வாயிற்று. பொதுவான ‘ரைட்’ வகைப் பதிவில், குறிப்பிட்ட ஓர் அட்டவணையை மட்டும் விட்டுவிடு என்று பிஜிஆடிட்டிடம் சொல்ல வழியில்லை. ஆகவே அந்தக் கணக்குக்கு மட்டும் ‘டிடிஎல், ரோல்’ என்று அமைத்துவிட்டு, முடிவுகள் அட்டவணையில் அப்டேட், டெலீட் ஆகிய உரிமைகளைத் தணிக்கை ரோலுக்கு வழங்கினோம். கருவியிலிருந்து புதிதாக வரும் முடிவு பதிவாகாது. வந்த முடிவை யாராவது மாற்றினாலோ அழித்தாலோ, அது அந்த இடைமுகக் கணக்கின் வழியாக நடந்தாலும் பதிவாகும். ஓர் இடைவெளி மட்டும் எஞ்சியது. பொருள்வழித் தணிக்கை செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் ஆகிய நான்கை மட்டுமே கவனிக்கிறது. டிரங்கேட் அதில் சேராது. அட்டவணை முழுவதையும் ஒரே அடியில் காலி செய்யும் கட்டளை பதிவாகாமல் போகக் கூடாது என்பதால், இடைமுகக் கணக்குக்கு டிரங்கேட் உரிமையே இல்லாதபடி செய்தோம். வடிகட்டியால் அடைக்க முடியாத ஓட்டையை உரிமையைக் குறைத்து அடைப்பது பல இடங்களில் எளிதாக இருக்கிறது.

பொருள்வழித் தணிக்கையின் பலமே அதன் பலவீனமும் ஆகும். உரிமை என்பது அட்டவணையோடு ஒட்டியிருக்கிறது; அட்டவணை போனால் உரிமையும் போய்விடும். மென்பொருள் குழுவின் மாற்றக் கோப்புகள் சில வேளைகளில் புதிய அட்டவணை ஒன்றை உருவாக்கி, பழையதிலிருந்து தரவை நகர்த்தி, பழையதை நீக்கிவிட்டுப் புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். பயன்பாட்டுக்குத் தேவையான உரிமைகளை அவர்கள் தவறாமல் மீண்டும் வழங்குவார்கள், இல்லாவிட்டால் மென்பொருளே ஓடாது. தணிக்கை ரோலின் உரிமை இல்லாமற்போனால் எதுவும் உடையாது; எந்தப் பிழைச் செய்தியும் வராது; பதிவு மட்டும் ஓசையின்றி நின்றுவிடும். பெயர் மாற்றத்தைப் பதிவில் தேடுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: பிஜிஆடிட் பெயர் மாற்றக் கட்டளையை எழுதும்போது, பொருளின் பெயராகப் புதிய பெயரைத்தான் குறிக்கிறது.

பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட அட்டவணைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. மாதவாரியாகப் பிரிக்கப்பட்ட முடிவுகள் அட்டவணையில், தாய் அட்டவணைக்கு மட்டும் தணிக்கை உரிமை தந்தால், தாய் அட்டவணை வழியாக வரும் வினவல்கள் பதிவாகும். ஒருவர் ஒரு மாதத்துக்கான பகுதியை அதன் பெயரைச் சொல்லி நேரடியாகப் படித்தால், அந்தப் பகுதிக்குத் தனியாக உரிமை வழங்கப்படாதவரை பதிவாகாது. இயல்பு உரிமைகளை முன்கூட்டியே அமைக்கும் ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ கட்டளை உதவும். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு ரோல் உருவாக்கும் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். வேறொரு நிர்வாகி தம் கணக்கில் அடுத்த மாதத்துக்கான பகுதியை உருவாக்கினால் அது விடுபட்டுவிடும். ஆகவே, காக்கப்பட வேண்டிய அட்டவணைகளின் பட்டியலை ஒரு சிறு அட்டவணையில் எழுதி வைத்து, ஒவ்வொன்றிலும் தணிக்கை ரோலுக்கு உரிய உரிமை இருக்கிறதா என்று அன்றாடம் சரிபார்த்து, இல்லையெனில் எங்களுக்குச் செய்தி அனுப்பும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுகிறோம். அட்டவணையின் பகுதிகளையும் அது தானே தேடி எடுத்துச் சோதிக்கும். இந்த அமைப்பை மேற்கொள்ள விரும்புவோர், முதல் நாளிலேயே இந்தச் சரிபார்ப்பையும் சேர்த்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயனர்வாரியாக அமைக்கும்போது வேறு வகைச் சிக்கல்கள் வரும். ‘பிஜிஆடிட்.லாக்’ மதிப்பைச் சர்வர் கோப்பிலும், தரவுத்தளத்துக்கும், ரோலுக்கும், ஒரு தரவுத்தளத்தில் ஒரு ரோலுக்கும் தனித்தனியே தரலாம். இவற்றுள் குறுகியது அகன்றதை வெல்லும். இரண்டும் ஒன்றாகக் கூடுவதில்லை. தரவுத்தளத்துக்கு ‘டிடிஎல், ரோல், ரைட்’ என்று தந்து, ஒரு நிர்வாகியின் ரோலுக்குக் கூடுதலாக ‘ரீட்’ வேண்டும் என்று எண்ணி ‘ரீட்’ என்பதை மட்டும் எழுதினால், அவருடைய எழுத்துச் செயல்கள் அனைத்தும் பதிவிலிருந்து மறைந்துவிடும். வேண்டிய வகைகள் முழுவதையும் ஒவ்வோர் இடத்திலும் மீண்டும் எழுத வேண்டும். குழு ரோலுக்குத் தரும் அமைப்பு அதன் உறுப்பினர்களுக்குச் செல்லாது. உள்நுழைந்த பின் ‘செட் ரோல்’ கட்டளையால் வேறொரு ரோலுக்கு மாறினாலும், அந்த ரோலின் அமைப்புகள் நடைமுறைக்கு வராது, ஏனென்றால் அவை உள்நுழையும் கணத்தில் மட்டுமே படிக்கப்படுகின்றன.

அந்தக் கடைசிக் காரணத்தால் இன்னொரு விளைவும் உண்டு. சர்வர் கோப்பில் செய்யும் மாற்றம், ‘ரீலோட்’ செய்தவுடன் திறந்திருக்கும் இணைப்புகளுக்கும் சென்று சேரும். ரோலுக்குச் செய்யும் மாற்றம் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள் இணைப்புகளை நெடுநேரம் திறந்தே வைத்திருப்பதால், வடிகட்டியை மாற்றிவிட்டு உடனே சோதித்தால், சில வினவல்கள் புதிய விதிப்படியும் சில பழைய விதிப்படியும் பதிவாகிக் குழப்பம் தரும். ரோல் அமைப்பை மாற்றிய கையோடு, பிஜிபவுன்சரின் நிர்வாகத் திரையில் ‘ரீகனெக்ட்’ கட்டளையைக் கொடுத்து இணைப்புகளைப் புதுப்பிப்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறோம்.

எந்தப் பயனரைப் பதிவிலிருந்து விலக்கலாம் என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது. முதலில் சொல்லப்படும் பெயர் காப்புநகல் கணக்கு. இரவில் காப்புநகல் எடுக்கும் பிஜி டம்ப் கருவி ஓடும்போது எல்லா அட்டவணைகளையும் படிக்கிறது, அதைப் பதிவு செய்து என்ன பயன் என்று கேட்பார்கள். தரவுத்தளம் முழுவதையும் படிக்கும் உரிமை உள்ள கணக்கு அதுதான். அதன் கடவுச்சொல் பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்கிரிப்டுக்குள்ளோ கோப்பிலோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஒருவர் பகலில் அதைப் பயன்படுத்தினால், விலக்கப்பட்ட கணக்கு என்பதால் அவருடைய செயலில் ஒரு வரிகூட நம்மிடம் இருக்காது. மிகுந்த உரிமையுள்ள கணக்கை விலக்குவது, வீட்டின் எல்லா வாசல்களுக்கும் காவல் போட்டுவிட்டுச் சாவிக்கொத்து தொங்கும் கொல்லைப்புறத்தை மட்டும் விட்டுவிடுவதற்குச் சமம். காப்புநகல் கணக்குக்கு நாங்கள் ‘ரீட்’ வகையையும் சேர்த்தே அமைத்தோம். அட்டவணைக்கு ஒரு காப்பி வரி என்ற கணக்கில், அஞ்சியதைவிடக் குறைவாகவே பதிவாகிறது. வழக்கமான நேரத்துக்கு வெளியிலோ, வழக்கமான முகவரி அல்லாத இடத்திலிருந்தோ அந்தக் கணக்கு பயன்பட்டால் உடனே எச்சரிக்கை வரும். கண்காணிப்புக் கணக்கை மட்டும் படித்தல் பதிவிலிருந்து விட்டோம். அதுவும், அந்தக் கணக்குக்கு நோயாளி அட்டவணைகள் எதையும் படிக்கும் உரிமை இல்லை என்று உறுதி செய்த பிறகே.

காப்புநகல் பற்றிப் பேசும்போது, பிஜி பேஸ்பேக்கப் கருவியையும் சேர்த்து எண்ண வேண்டும். அது எஸ்கியூஎல் (வினவல் மொழி) வழியாக அட்டவணைகளைப் படிப்பதில்லை. நகலாக்க இணைப்பின் வழியே தரவுக் கோப்புகளையே அப்படியே எடுத்துச் செல்கிறது. பிஜிஆடிட்டின் எந்த வகையிலும் அது சிக்காது. இணைப்புப் பதிவும் ‘லாக் ரெப்ளிகேஷன் கமாண்ட்ஸ்’ அமைப்பும் இயங்கினால்தான் அதன் தடம் கிடைக்கும். நகலாக்கத்துக்கு எந்த முகவரிகளிலிருந்து இணையலாம் என்ற அனுமதிக் கோப்பின் வரிகளையும் இறுக்க வேண்டும்.

பயன்பாட்டு மென்பொருளின் பொதுக் கணக்கு என்ற சிக்கலுக்கு வருகிறேன். பொருள்வழித் தணிக்கையால் முடிவு படிக்கப்பட்டது தெரியும். படித்த மனிதர் யார் என்பது தரவுத்தளத்துக்கே தெரியாதபோது பதிவில் எப்படி வரும்? மென்பொருள் குழு ஒவ்வொரு பரிவர்த்தனையின் (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுப்பின்) தொடக்கத்திலும், உள்நுழைந்திருக்கும் ஊழியரின் அடையாள எண்ணை ‘அப்ளிகேஷன் நேம்’ அமைப்பில் அந்தப் பரிவர்த்தனை முடியும்வரை மட்டும் நிற்கும் ‘செட் லோக்கல்’ கட்டளையால் இடும்படி ஏற்பாடு செய்தோம். லாக் வரியின் முன்னொட்டில் நேரம், கணக்கு, தரவுத்தளம், முகவரி ஆகியவற்றோடு அந்தப் பெயரும் சேர்ந்து வருகிறது. பல பயனர்கள் ஒரே இணைப்பை மாறி மாறிப் பயன்படுத்தும் சூழலில், ‘லோக்கல்’ என்று குறிப்பிடாவிட்டால் ஒருவர் பெயர் இன்னொருவர் செயலில் ஒட்டிக்கொள்ளும். இது விசாரணையில் நிரபராதி ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டிவிடக்கூடிய ஆபத்து. அந்தப் பெயரை இணைபவர் யாரும் தம் விருப்பப்படி மாற்ற முடியும் என்பதையும் மறக்கலாகாது. பயன்பாட்டு சர்வரின் முகவரியிலிருந்து வந்த வரிகளில் மட்டும் அதை நம்புகிறோம்.

யாருடைய முடிவு என்பது தெரிய வேண்டுமானால், வினவலின் அளபுருக்களும் (அதனோடு தனியே அனுப்பப்படும் மதிப்புகளும்) பதிவாக வேண்டும். இயல்பாக பிஜிஆடிட் அவற்றை எழுதுவதில்லை, ‘பிஜிஆடிட்.லாக்_பாராமீட்டர்’ அமைப்பை இயக்க வேண்டும். இயக்கினால் நோயாளியின் உள் எண் பதிவில் வரும். திருத்தப்பட்ட முடிவின் மதிப்பும் வரும். மருத்துவத் தரவு இவ்வாறு லாக்குக்குள் புகுவது எனக்கு உவப்பானதன்று. ஆயினும், யாருடையது என்று சொல்லாத பதிவால் மருத்துவரின் கேள்விக்குப் பதில் இல்லை என்பதால், பயன்பாட்டுக் கணக்குக்கு மட்டும் அதை இயக்கி, லாக் சேமிப்பகத்துக்கும் தரவுத்தளத்துக்கு உள்ள அதே காவலை அமைத்தோம். கடவுச்சொற்களைப் பொறுத்தவரை, அவற்றை மாற்றும்போது கட்டளையில் நேரடியாக எழுதாமல், போஸ்ட்கிரெஸ்சின் கட்டளைவரிக் கருவியான பிசீக்வெல்லின் ‘பாஸ்வேர்ட்’ உட்கட்டளையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு; அது மறையாக்கம் செய்த வடிவத்தையே சர்வருக்கு அனுப்பும்.

சர்வரில் வடிகட்டியது போதாதென்று, லாக்கை மைய சேமிப்பகத்துக்கு அனுப்பும் இடத்திலும் ஒரு வடிகட்டி இருந்தது. ‘ஆடிட்’ என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் அனுப்பு என்பது அதன் விதி. பார்ப்பதற்கு நியாயமான விதிதான்; ஆனால் அதில் இரண்டு கேடுகள் இருந்தன. உரிமையில்லாத ஒருவர் முடிவுகளைப் படிக்க முயன்றால், உரிமைச் சோதனையிலேயே கட்டளை நின்றுவிடுவதால் பிஜிஆடிட் வரி எழுதப்படாது. போஸ்ட்கிரெஸ்சின் வழக்கமான ‘எரர்’ வரிதான் இருக்கும். தவறான கடவுச்சொல்லால் தடுக்கப்பட்ட உள்நுழைவும் அப்படியே, ‘ஃபேட்டல்’ வரியாக இருக்கும். தடுக்கப்பட்டவர் யார் என்ற எங்கள் ஆறாவது கேள்விக்கான சான்று முழுவதையும் அந்த விதி கீழே கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது, பல வரிகளில் எழுதப்பட்ட வினவல் லாக்கிலும் பல வரிகளாகவே விழும். முதல் வரியில் மட்டும் ‘ஆடிட்’ என்ற சொல் இருப்பதால், அட்டவணையும் நிபந்தனையும் உள்ள எஞ்சிய வரிகள் தொலைந்துவிடும். காற்புள்ளிகளால் புலங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி வடிவ லாக்குக்கு மாறி, ஒவ்வொரு நிகழ்வையும் முழுப் பதிவாகப் படித்து, ஆடிட், எரர், ஃபேட்டல் ஆகியவற்றையும் இணைப்பு வரிகளையும் அனுப்பும்படி மாற்றினோம். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஜேசன் வடிவமும் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு அது இன்னும் எளிது. இந்த இடத்தில் இன்னொரு தேர்வும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்சின் சொந்த லாக் சேகரிப்பி எந்தச் செய்தியையும் இழக்காதபடி வடிவமைக்கப்பட்டது, அதனால் அளவுக்கு மீறிய சுமையில் சர்வரின் செயல்களையே அது காக்க வைக்கக்கூடும். இயங்குதளத்தின் பதிவுச் சேவையான சிஸ்லாக் அப்படிக் காக்க வைக்காது, மாறாகச் செய்திகளைக் கைவிடும். தணிக்கைக்கு முதலாவதே பொருத்தம். பதிவின் அளவை முன்கூட்டியே வடிகட்டிக் குறைத்தால்தான் அந்தக் காத்திருப்பு நேராது என்பது வடிகட்டுவதற்கான வலுவான காரணங்களுள் ஒன்று.

கட்டணப் பிரிவின் தரவுத்தளம் மரியாடிபி என்னும் வேறொரு தரவுத்தள மென்பொருளில் இருந்தது. அதன் தணிக்கைச் செருகுநிரலில் வடிகட்டும் கருவிகள் குறைவு: நிகழ்வு வகைகளின் பட்டியல், சேர்க்க வேண்டிய பயனர்கள், விலக்க வேண்டிய பயனர்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர் பதிவாகும். இணைப்பு நிகழ்வுகள், யாரை விலக்கினாலும், எல்லோருக்கும் பதிவாகும். நிகழ்வு வகையை வெறுமையாக விட்டால் எல்லாமே பதிவாகும் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். படித்தலைத் தவிர்த்து மாற்றங்களை மட்டும் வேண்டுவோருக்கு ‘க்வெரி டிஎம்எல் நோ செலக்ட்’ என்ற வகை இருக்கிறது. அங்கே நான் கண்ட பெரிய ஆபத்து இயல்பு மதிப்புகளில் இருந்தது. கோப்பு ஒன்றுக்கு 10,00,000 பைட், பழைய கோப்புகள் 9 என்பவையே இயல்பு அளவுகள். மொத்தம் ஏறத்தாழ 10 மெகாபைட் சேர்ந்ததும் பழையது அழியத் தொடங்கும். வடிகட்டாத ஒரு சர்வரில், காலையில் நடந்ததன் தடம் மதியத்துக்குள் இல்லாமற்போகலாம். வினவலின் நீளமும் இயல்பாக 1024 பைட்டில் வெட்டப்படுகிறது. தொடக்கத்தில் ஒரு நீண்ட குறிப்புரையை வைத்து எழுதினால், உண்மையான கட்டளை வெட்டுக்கு அப்பால் போய்விடும். இரண்டு அளவுகளையும் கூட்டினோம்.

நிர்வாகிகளாகிய எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சூப்பர்யூசர் உரிமை உள்ளவர் பிஜிஆடிட்டைத் தம் அமர்வில் அணைத்துவிட முடியும் என்பதால், அந்த நீட்சியால் மட்டும் எங்களைக் கண்காணிக்க இயலாது. எங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர்க் கணக்கு. சூப்பர்யூசர் கணக்கில் நேரடி உள்நுழைவு தடை. தேவைப்படும்போது மட்டும் ‘செட்_யூசர்’ நீட்சியின் வழியே உரிமையை உயர்த்திக்கொள்கிறோம், அந்த உயர்வும் லாக்கில் ஏறுகிறது. லாக் உடனுக்குடன் வேறொரு சர்வருக்குச் செல்கிறது. அந்தச் சர்வரில் எங்களில் யாருக்கும் அழிக்கும் உரிமை இல்லை. என் மீதும் இந்தக் கண்காணிப்பு இருப்பதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் ஏதேனும் நடந்தால் நான் செய்யவில்லை என்பதையும் அதே பதிவுதான் நிறுவ வேண்டும்.

வடிகட்டியில் செய்யும் ஒவ்வொரு விலக்கும் இப்போது எழுத்தில் இருக்கிறது: எந்த நிகழ்வு விடப்பட்டது, ஏன், அதனால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது, யார் ஒப்பினார். மூன்றாவதை எழுத வைத்த பிறகு, விலக்கக் கோரிக்கைகள் கணிசமாகக் குறைந்தன. இதோடு, வாரந்தோறும் ஒரு ஸ்கிரிப்ட் சோதனை நோயாளி ஒருவரின் பெயரில் ஒவ்வொரு செயலையும் செய்து பார்க்கிறது: முடிவைப் படிக்கிறது, திருத்துகிறது, உரிமையில்லாத கணக்கில் முயல்கிறது, ஓர் உரிமையை வழங்கித் திரும்பப் பெறுகிறது, ஒரு மாதப் பகுதியை நேரடியாகப் படிக்கிறது. பிறகு மைய சேமிப்பகத்துக்குச் சென்று, ஒவ்வொன்றுக்கும் உரிய வரி, ஊழியர் எண்ணோடும் நோயாளி எண்ணோடும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று தேடுகிறது. ஒரு வரி குறைந்தாலும், எங்களுக்கு மட்டுமன்றி மருத்துவருக்கும் செய்தி போகும்படி அதை அமைத்திருக்கிறோம்.